கழுத்துக்கு மவுண்ட் கிடையாது

வட அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் வீடுகளின் படங்களைப் புரட்டிப் பாருங்கள். வரவேற்பறைப் படம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். நடுச்சுவரில் கணப்படுப்பு, அதற்கு மேல் மேன்டில் என்கிற பலகை, பலகைக்கு மேலே கறுப்பாக ஒரு பெரிய டிவி. டிவி இல்லையென்றால் அது வரப்போகும் இடத்தில் பிளக் பாயிண்டும் கேபிள் விடும் குழாயின் வாயும் தயாராகக் காத்திருக்கும். டொராண்டோவின் ஸ்கார்பரோவை விட்டு மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புதுவீட்டுக்குப் போகிற நம்மவர்களுக்கும் வீடு கட்டியவர் இந்தச் சுவரைத்தான் கையில் கொடுக்கிறார். டிவி எங்கே என்ற கேள்வியை அவரே முடித்துவைத்துவிட்டதால், மிஞ்சுவது எந்த மவுண்ட் என்ற கேள்வி மட்டும்தான்.

சண்டை எனக்கு அந்தக் கேள்வியோடுதான். நல்ல மவுண்டாகப் பார்த்து வாங்கினால் கணப்புக்கு மேலே டிவி வைப்பதில் ஒரு தொல்லையும் இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார், மாட்ட வருகிறவர் சொல்கிறார், ஏற்கெனவே மாட்டிவிட்ட மச்சான் இன்னும் உரக்கச் சொல்கிறார். "டில்ட் மவுண்ட் போட்டாச் சரி அண்ணை, ஒரு பிரச்சினையுமில்லை." பிரச்சினை இருக்கிறது. அதை அளவு நாடாவால் அளந்தே காட்டலாம்.

மேன்டில் பலகை பொதுவாகத் தரையிலிருந்து 54 அங்குல உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் 6 அங்குலம் இடைவெளி விட்டு 65 அங்குல டிவி ஒன்றை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். டிவியின் உயரம் ஏறத்தாழ 32 அங்குலம். அப்படியானால் அதன் அடிவிளிம்பு 60 அங்குலத்தில், நடுப்புள்ளி 76-இல், மேல்விளிம்பு 92-இல். எட்டடி கூரை என்றால் டிவிக்கும் கூரைக்கும் நடுவே நாலு அங்குலம்தான் மிச்சம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண்ணோ சுமார் 42 அங்குலத்தில் இருக்கிறது. ஒன்பதடி தள்ளி உட்கார்ந்தால் திரையின் நடுவைப் பார்க்க 17 பாகை மேலே பார்க்க வேண்டும், மேல்விளிம்புக்கு 25 பாகை. அலுவலகக் கணினித் திரைக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை தரும் அறிவுரை என்ன? திரையின் நடு, கண்மட்டத்துக்கு 15 முதல் 20 பாகை கீழே இருக்க வேண்டும். அளவு ஏறக்குறைய அதேதான், திசைதான் தலைகீழ். பகலெல்லாம் அலுவலகத்தில் நாற்காலியையும் திரையையும் ஏற்றி இறக்கிச் சரிபார்க்கிற அதே மனிதர், வீட்டுக்கு வந்ததும் டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட் வாங்கியவர்போல அண்ணாந்து கிடக்கிறார். தரை டிக்கெட்டாவது மலிவு.

ஓவியமும் கண்ணாடியும் காலங்காலமாக அங்கேதானே தொங்கின என்று கேட்கலாம். தொங்கின. ஓவியத்தை நின்றுகொண்டு ஒரு நிமிடம் பார்ப்பார்கள். நின்று பார்ப்பவர்களுக்காகவே படம் மாட்டுகிற அருங்காட்சியகங்களில்கூடப் படத்தின் நடுப்புள்ளி 57 முதல் 60 அங்குலத்தில் இருப்பதுதான் பரவலான வழக்கம். நாமோ உட்கார்ந்து மூன்று மணி நேரப் படம் பார்ப்பதற்கு 76 அங்குலத்தில் மாட்டுகிறோம்.

இனி மவுண்டுகளுக்கு வருவோம். டில்ட் மவுண்ட் டிவியின் முகத்தைப் பத்துப் பதினைந்து பாகை கீழ்நோக்கிச் சாய்க்கும். அதனால் பயன் இல்லாமல் இல்லை. எல்சிடி திரைகளில் ஒரு வகையைக் கீழிருந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாகும், நிறம் வெளிறும். சாய்த்தால் அது சரியாகும், எதிர் ஜன்னலின் வெளிச்சம் திரையில் அடிப்பதும் குறையும். ஆனால் டிவி இருந்த உயரத்திலேயேதான் இருக்கிறது. திரை உங்களைக் குனிந்து பார்க்கிறது, நீங்கள் அதை நிமிர்ந்து பார்க்கிறீர்கள், 17 பாகை 17 பாகையாகவே நிற்கிறது. இதைவிடப் பெரிய ஏமாற்றம் முழு அசைவு மவுண்ட். பெயரைக் கேட்டு வாங்குகிறவர்கள் பலர் அது கீழேயும் இறங்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அதன் கை முன்னால் நீளும், இடமும் வலமும் திரும்பும், இறங்காது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் வேசா பொருத்தம் என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவோரும் உண்டு. வேசா என்பது டிவியின் முதுகிலுள்ள துளைகளின் இடைவெளிக்கான தரநிர்ணயம். 400-க்கு 400 மில்லிமீட்டர் என்றால் அந்தத் துளைகள் பொருந்தும், அவ்வளவுதான். அந்தத் தட்டைச் சுவரில் எவ்வளவு உயரத்தில் அறைகிறீர்கள் என்று அது கேட்பதில்லை.

சாய்வு நாற்காலிக்காரர்களுக்கு ஒரு சலுகை கொடுத்துவிடுகிறேன். முதுகை நன்றாகப் பின்னால் சாய்த்து, கால் நீட்டிப் படுத்துப் பார்ப்பவருக்குப் பார்வைக்கோடும் மேலே போகிறது, அவர் கழுத்து தப்பும். ஆனால் வீட்டில் எல்லோரும் எப்போதும் படுத்தே பார்ப்பதில்லை. தரையில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளின் கண்மட்டத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

அப்படியானால் பலகையைத் தாழ்த்தலாமே? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பலகையின் உயரம் நம் ரசனையைப் பொறுத்தது அல்ல, தீயைப் பொறுத்தது. எரியக்கூடிய மரப்பலகை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு மேலே இருந்தாக வேண்டும். வாயுக் கணப்புகளின் கையேட்டில் இதற்கென்றே அட்டவணை இருக்கும். மணிக்கு 30,000 பிடியூ என்று எழுதியிருக்கும் வாயுக் கணப்பு ஏறத்தாழ 9 கிலோவாட் வெப்பத்துக்கான எரிபொருளை எரிக்கிறது. சுவர் பிளக்கில் செருகும் சாதாரண ஹீட்டர் ஒன்றரை கிலோவாட். கணப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு குழாய் வழியே வெளியே போனாலும், மிச்சம் முன்பக்கமாக வந்து சுவரை ஒட்டி மேலே ஏறும். டிவிகளோ சுற்றுச்சூழல் 40 செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று கையேட்டில் சொல்லிவிட்டுத்தான் விற்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் 10 பாகை வெப்பம் கூடினால் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் தோராயக் கணக்கு. எனவே டிவியைக் காக்க அந்த வெப்பக் காற்றை முன்னால் தள்ளிவிடும் அகலமான பலகை வேண்டும். அகலமான பலகை உயரே போக வேண்டும். பலகை உயர்ந்தால் டிவியும் உயர்கிறது. சூட்டிலிருந்து டிவியைக் காப்பாற்ற எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் உங்கள் கழுத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறது. இந்தச் சுழலை அறுக்கும் மவுண்ட் எந்தக் கடையிலும் இல்லை.

இருக்கிறதே, இறங்கு மவுண்ட் என்று ஒரு வகை வந்திருக்கிறதே என்பீர்கள். உண்மை, கழுத்துக்கு நியாயம் செய்கிற ஒரே வகை அதுதான். எடையைத் தாங்கும் விசைக் கைகளோடு டிவியை முன்னால் இழுத்துப் பலகையைத் தாண்டி இரண்டடிபோலக் கீழே கொண்டுவந்து நிறுத்தலாம். விலை டில்ட் மவுண்டைப்போலப் பல மடங்கு. ஆனால் இறக்கியதும் டிவி எங்கே நிற்கிறது? அடுப்பு வாய்க்கு நேர் மேலே, ஏறிவரும் சூட்டின் பாதையில். அதனால்தான் இந்த வகையில் சில மவுண்டுகளின் கைப்பிடி சூடேறினால் சிவப்பாக மாறும்படி செய்திருக்கிறார்கள். அதாவது, தீ எரியும்போது இறக்காதீர்கள் என்கிறது மவுண்ட். கணப்பும் டிவியும் ஒரே சுவரில் வேண்டும் என்று ஆசைப்பட்டதே இரண்டையும் ஒருசேர அனுபவிக்கத்தானே? அந்த ஆசையைத் தீர்க்க வந்த கருவி, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள் என்கிறது. தினமும் இழுத்து இறக்கி மீண்டும் ஏற்றி வைக்கும் ஆர்வம் எத்தனை நாள் நீடிக்கும் என்பது வேறு கதை. நான் போய்வந்த வீடுகளில் அது பெரும்பாலும் மேலேயே நிற்கிறது.

தீயும் ஒலியும் ஒரே இடத்தில் இருப்பதில் சிக்கல் ஏதும் இருந்ததில்லை. 1933 மார்ச் 12-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் தொடங்கிய உரைகளுக்குக் கணப்போரப் பேச்சு என்று பெயர் நிலைத்தது. வானொலிப் பெட்டி அலமாரியின் உச்சியில் இருந்தாலும் காதுக்கு ஒன்றுமில்லை, கேட்பவர் தீயைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். படம் வந்தபோதும் கொஞ்ச காலம் புத்தி தெளிவாகவே இருந்தது. 1966-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நியூயார்க்கின் டபிள்யூபிஐஎக்ஸ் நிலையம், மேயரின் இல்லமான கிரேசி மேன்ஷனில் எடுத்த எரியும் விறகுக் காட்சியைப் பாட்டோடு மூன்று மணி நேரம் ஒளிபரப்பியது. அடுக்குமாடியில் கணப்பில்லாமல் இருப்பவர்களுக்கான பரிசு அது. அன்றைய டிவி கால் வைத்துத் தரையில் நின்றது, எனவே அந்தப் பொய்த் தீகூட உண்மைத் தீ இருக்க வேண்டிய உயரத்திலேயே எரிந்தது. டியூப் டிவி இருந்தவரை அதைத் தூக்கிப் பலகைக்கு மேலே வைக்கும் எண்ணம் பெரும்பாலும் யாருக்கும் வரவில்லை, அதன் கனமும் பின்பக்கத் தொந்தியும் விட்டிருக்காது. தட்டைத் திரை வந்த பிறகு முடியாதது முடிந்தது. செய்ய முடிகிறது என்பதாலேயே அது செய்ய வேண்டியதாகவும் ஆகிவிட்டது.

வேறு சுவர் இல்லை என்பதே நான் மதிக்கும் ஒரே எதிர்வாதம். திறந்த அமைப்பு வீடுகளில் ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் மாடிப்படி என்று போக, மிஞ்சுவது கணப்புச் சுவர்தான். ஆனால் பல வீடுகளில் கணப்பின் இரு பக்கமும் மாடம்போல இடம் கிடக்கிறது. அங்கே 75 அங்குலம் போகாது, 50 போகும். கண்மட்டத்தில் இருக்கும் 50 அங்குலம், கூரையை முட்டும் 75-ஐவிடப் பார்க்க நன்றாகவே இருக்கும். சோபா ஒரே ஒரு திசையைத்தான் பார்க்க வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. வருடத்துக்கு நாலு நாள்தான் கணப்பை மூட்டுவோம் என்பவர்களுக்குச் சூட்டுக் கவலை இல்லை, ஆனால் உயரம் அப்படியேதான் இருக்கிறது.

டிவி தாழ்வாக இருந்தால் பிள்ளைகள் இழுத்துக் கவிழ்த்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்கு விடை தாழ்வான ஸ்டாண்டு அல்ல, தாழ்வான சுவர். அசையாத மலிவு மவுண்ட் ஒன்றைச் சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்களில் முடுக்கி, திரையின் நடு 42 அங்குலத்தை ஒட்டி வரும்படி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. கணப்புச் சுவரில் அதுவும் சுலபமில்லை. அலங்காரத்துக்கு ஒட்டிய மெல்லிய கல்லில் போட்ட ஆணி எடை தாங்காது, பின்னாலுள்ள சட்டம் வரை போக வேண்டும். நிஜச் செங்கல் சுவரில் எங்கே புகைவழி போகிறது என்று தெரியாமல் துளை போடுவது ஆபத்து.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சுவர்தான் என்றால், மவுண்ட் வாங்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். கணப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டு, டிவி வரப்போகும் இடத்தில் சுவரில் ஒட்டிய வெப்பமானி 40-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். பிறகு டிவியின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி அதே இடத்தில் ஒட்டி, சோபாவில் உட்கார்ந்து, கையிலிருக்கும் போனில் ஒரு முழுப்படத்தின் ஒலியை மட்டும் ஓடவிட்டு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருங்கள். இடைவேளை தாண்டியும் கழுத்து சம்மதித்தால், தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள்.