புகை வண்டி வர்றதுக்கு முன்னாடியே எச்சரிக்கை வரணும்!

தோழர்களே,

தெருவில் நாலு பேர் டெங்குவில் படுத்த பிறகுதான் புகை வண்டி வருது. போட்டோ எடுக்குறாங்க, போயிடுறாங்க. அந்தப் புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீர் ட்ரம்மில், பழைய டயரில், பிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டில் இருக்கிற கொசுப்புழுவை அது ஒன்றும் செய்யாது. பத்து நாளில் அடுத்த கூட்டம் பறக்க ஆரம்பிச்சிடும்.

2017-ஐ மறந்திருக்க மாட்டீங்க. அரசுக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு. 65 பேர் இறந்தார்கள்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா? முடியும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 2025-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. மழை, வெப்பம், ஈரப்பதம், டெங்கு மரணக் கணக்கு எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து, இயந்திரக் கற்றல் முறையில் கணித்திருக்கிறார்கள். சராசரி வெப்பம் 27 டிகிரியைத் தாண்டி, ஈரப்பதம் 60 முதல் 78 சதவீதம் வரை இருந்து, மிதமான மழையும் பரவலாகப் பெய்தால் டெங்கு கூடுகிறது. ஒரே வாரத்தில் 150 மி.மீ.க்கு மேல் கொட்டினால் முட்டையும் புழுவும் அடித்துப் போய், குறைகிறது. இரண்டு மாதம் முன்பே எச்சரிக்கலாம் என்கிறார்கள்.

ஆனால் புனே கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை. நம்மில் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இன்னொன்று, குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், மழையே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு நாலு ட்ரம் நிறைந்திருக்கும். டெங்கு கொசுவுக்கு அது போதும். அதனால் குடிநீர் விநியோகக் கணக்கும் கணினிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உண்மையான எண்ணிக்கை. டெங்குவை "மர்மக் காய்ச்சல்" என்று எழுதினால் கணினியும் அதைத்தான் படிக்கும். இன்று மறைக்கிற ஒவ்வொரு எண்ணும் நாளைய கணிப்பைக் கெடுக்கும். அந்தத் தப்புக்கு விலை கொடுக்கப் போவது யாரோ வீட்டுப் பிள்ளை.

கணிப்பு தப்பாகிவிட்டால் என்று கேட்பாங்க. தப்பான எச்சரிக்கைக்கு நஷ்டம், ஒருமுறை ட்ரம்மைத் தேய்த்துக் கழுவிய உழைப்பு. வராமல் போன எச்சரிக்கைக்கு நஷ்டம் உயிர்.

நாம் கேட்பது மூன்றே மூன்று:

🔴 மழை, வெப்பம், கொசுப்புழு ஆய்வு, காய்ச்சல், குடிநீர் விநியோகம் என எல்லாத் துறைக் கணக்கும் வார்டு வாரியாக ஓரிடத்தில் சேர வேண்டும்.

🔴 சிங்கப்பூரில் டெங்கு பரவும் இடங்களை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. இங்கேயும் நோய் எண்ணிக்கையும் முன்னறிவிப்பும் வாராவாரம் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

🔴 வீடு வீடாகப் போய் புழு பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு வருடம் முழுக்க வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். கணினி ஆபத்தைச் சொல்லும். ட்ரம்மைக் கவிழ்க்க மனுஷன்தான் போகணும்.

அடுத்த கிராம சபை, ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்க: "எங்க வார்டு கணக்கு எங்கே?" பதில் வரும் வரை விடாதீங்க. அதுவரை வாரம் ஒருநாள் உங்க வீட்டு ட்ரம்மையும் தொட்டியையும் தேய்த்துக் கழுவி, காய வைத்து, மூடி வையுங்க.

பகிருங்கள் தோழர்களே!

#டெங்கு_முன்னெச்சரிக்கை #எங்க_வார்டு_கணக்கு_எங்கே