முதலை வாய்ப்பிள்ளையும் என் பேரனும்

சென்ற பங்குனியில் அவிநாசியப்பரைத் தரிசிக்கும் பேறு வாய்த்தது. நானும் என் மனைவியும் மகள் வயிற்றுப் பேரன், பேத்தி இருவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தோம். முதலை பிள்ளையை உமிழும் சிற்பத்தைக் காட்டிச் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "கண்ணு, எத்தனாவது படிக்கிறே?" என்று அன்போடு கேட்டார்.

"நான் பள்ளிக்கூடம் போறதில்லீங்க தாத்தா."

பெரியவர் என்னைப் பார்த்தார். வீட்டில் வசதி இல்லையா, அல்லது பிள்ளைக்கு ஏதேனும் குறையா என்ற இரண்டு கேள்விகளும் அந்தப் பார்வையில் இருந்தன. நான்கு ஆண்டுகளாக எந்தக் கோயிலுக்குச் சென்றாலும் எனக்கு இதே நிலைதான்.

பேரனுக்கு இப்போது ஒன்பது வயது. மழலையர் வகுப்பில் சேர்த்த ஓராண்டும் அவன் காலையில் அழுதான். இரவில் உறக்கத்தில் அலறினான். மகள் தன் வேலையை விட்டாள். அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். பாடத்திட்டம், மணியடிப்பு, தேர்வு எதுவுமின்றி, பிள்ளை தானாகக் கேட்பதையும் செய்வதையும் கொண்டே கற்கவிடும் இம்முறைக்கு 'அன்ஸ்கூலிங்' என்று பெயராம். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970களில் வழங்கிய சொல் என்று மகள் விளக்கினாள். பள்ளி ஆசிரியரே பள்ளி வேண்டாம் என்றாரா என்று நான் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

34 ஆண்டுகள் வங்கியில் ஆவணங்களைச் சரிபார்த்தவன், சட்டத்தைப் பாராமல் இருப்பேனா? 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியுரிமை தரும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அது சொல்கிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. 14 வயது நிறைந்தபின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். வழி உண்டு என்று அறிந்தபின்னும் என் மனம் ஆறவில்லை.

ஏழு வயது முடிந்தும் அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. மகளுக்குத் தெரியாமல் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, நாள்தோறும் மாலை அரை மணி நேரம் 'அ', 'ஆ' எழுதச் செய்தேன். பத்தாம் நாள் அவனைக் காணவில்லை. வீடெங்கும் தேடினோம். நெல் மூட்டைகளுக்குப் பின்னால், சத்தமின்றி அமர்ந்திருந்தான். மகள் கோபப்படவில்லை. "உங்களைப் பாத்தா ஓடி வந்துட்டு இருந்தானுங்க அப்பா. இந்த நோட்டு வந்ததுக்கப்புறம் ஒளிஞ்சுக்கறான், பாத்தீங்களா?" என்றாள். நோட்டை எடுத்துப் பரணில் வைத்தேன்.

பிறகு அவன் படிக்கக் கற்றது பேருந்துப் பலகைகளில். பேரூர், மருதமலை, உக்கடம் என்று பலகையைப் பார்த்து முதலில் ஊகித்தான். பிறகு எழுத்தைப் பிடித்தான். எட்டரை வயதில் பட்டீசுவரர் சந்நிதிக்குச் செல்லும் வழியில், காலணிகளை இங்கே விடவும் என்ற அறிவிப்பை உரக்கப் படித்தான். என் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டாள். மருதமலைப் படிகள் 837 என்பார்கள். அவன் எண்ணியபோது 812 வந்தது. அடுத்த வாரம் மீண்டும் ஏறவேண்டும் என்றான். என் முழங்கால்கள்தாம் அவனுடைய கணக்குப் பாடத்திற்குக் கட்டணம் செலுத்தின. பால் கணக்கு இப்போது அவன் பொறுப்பு. பாட்டியின் புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் கையெழுத்து கோழி கிளறியதுபோல்தான் இருக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டிற்கு மேல் தடுமாறுகிறான். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

நம் கோவையின் ஜி.டி. நாயுடுவை மகள் சான்று காட்டுவாள். கலங்கலில் 1893இல் பிறந்தவர், பள்ளியில் நில்லாதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றவர்; 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். "அவர் லட்சத்தில் ஒருவர் அம்மா. அவரே 1945இல் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமையக் காரணமாக இருந்தாரே!" என்பேன். "அங்கேயும் படிப்பை எதுக்கு இத்தனை வருஷம் இழுக்கறீங்கன்னுதானே சண்டை போட்டாருங்க?" என்பாள். இவ்வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் இம்முறை நடவாது என்பது மட்டும் எனக்கு உறுதி. நாள் முழுதும் 'ஏன்' என்ற கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லி, இரவில் மகள் சோர்ந்து சுவரில் சாயும்போது பெற்ற மனம் வலிக்கிறது.

அவிநாசியில் அன்று பெரியவர் எழுந்து சென்றபின் பேரன் கேட்டான்: "அப்புச்சி, அந்தப் பையன் முதலை வயித்துக்குள்ள இருந்த வருஷமெல்லாம் என்ன படிச்சான்?"

உடன் குளிக்கச் சென்ற தோழனுக்கு உபநயனம் நடக்கும் நாளில் அல்லவா, மகனை இழந்த தாய் தந்தையரின் அழுகுரல் நாயனார் செவியில் விழுந்தது? மீண்டு வந்த பிள்ளை, போன ஆண்டுகளின் வளர்ச்சியும் பெற்றே வந்தான் என்று புராணம் கூறும். அதைச் சொன்னேன். "அப்ப சரி" என்று அவன் குளத்தைப் பார்க்க ஓடிவிட்டான்.

இப்போது புதிய செய்தி ஒன்று. ஆறு வயதுப் பேத்தி, அடுத்த வீட்டுச் சிறுமியோடு பள்ளிக்குச் செல்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவ ஆசைப்படறதைத் தடுத்தா அப்புறம் நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேனுங்க?" என்று சொல்லிச் சீருடைத் துணி எடுக்கச் சென்றாள். சூன் மாதம் முதல் நாள், விநாயகருக்குத் தேங்காய் உடைத்து அனுப்பினோம். நான்கு ஆண்டுகளாக நான் வேண்டியது அதுதான். ஆயினும் அன்று பகல் முழுதும் எனக்குச் செய்தித்தாள் ஓடவில்லை.

மாலை நான்கு மணிக்குப் புத்தகப் பையோடு வந்தவள், "எதுக்குங்க அப்புச்சி வாசல்ல நிக்கறீங்க?" என்றாள். பேரன் அவள் பையைத் திறந்து, உள்ளே இருந்த கோடு போட்ட நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.