பாட்டுக்கு மட்டும் செலவு இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போனால் எனக்குத் தெரிந்துவிடும்.

நம் பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்கான உத்தேசச் செலவுக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள். பந்தல், நாற்காலி, சாப்பாடு, மைக் செட், வீடியோ, நினைவுப் பரிசு என்று எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு தொகை இருக்கிறது. கடைசி வரியில் மட்டும், "பாட்டு - நம்ம பையன்தான், செலவு இல்லை" என்று இருக்கிறது.

அந்த வரியைச் சிவப்பு மையில் சுழிக்க வேண்டும் போலிருந்தது.

சாப்பாடு செய்யப் போகிறவனும் நம் பள்ளியில் படித்த பையன்தான். அவனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மைக் செட்காரர் உங்களில் ஒருவருக்கு மச்சான் முறை. அவரிடம் பேரம் பேசிக் குறைத்தீர்களே தவிர, சும்மா போட்டுக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாடுகிறவனிடம் மட்டும் ஏன் அப்படிக் கேட்கத் தோன்றுகிறது? அரிசியும் எண்ணெயும் கடையில் வாங்க வேண்டும், பாட்டு வாயிலிருந்து வருவதுதானே என்ற நினைப்பு. அந்த நினைப்பு எனக்கும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2018-இல் என் பணி நிறைவு விழாவுக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் அப்போதுதான் சென்னையில் நாலு பேரோடு சேர்ந்து, சொந்தமாக எழுதி மெட்டுப் போட்டுப் பாட ஆரம்பித்திருந்தான். "வந்து பாடுடா" என்று போனில் கூப்பிட்டதே நான்தான். கிடார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மேடை ஏறியதிலிருந்து கீழேயிருந்து சீட்டு போய்க்கொண்டே இருந்தது. அத்தனையும் சினிமாப் பாட்டு. ஒரு மணி நேரம் முகம் சுளிக்காமல் பாடினான். கடைசியில், "இது எங்க சொந்தப் பாட்டு, டீச்சருக்காகப் பாடுறேன்" என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து யாரோ வந்து, "இலை போட்டாச்சு" என்றார்கள். கூட்டம் எழுந்து பந்திக்குப் போய்விட்டது. நான் ஒரு பக்கம் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பாட்டு முடிந்து, அவன் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். வண்டி வாடகை அவன் கையிலிருந்து போனது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் அவன் சொல்லவில்லை, அவன் அம்மா சொன்னாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு நிதானமாகப் பாட்டுக் கேட்க நேரம் கிடைத்தது. சினிமாவில் வராத பாட்டு எனக்குப் புதிதில்லை. இலங்கையிலிருந்து வந்த ‘சுராங்கனி’யை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிலோன் மனோகர் என்று நாம் சொல்லும் ஏ.ஈ. மனோகரன் பாடியது. சினிமாவுக்கு வருவதற்கு முன்பே அது பொப்பிசைப் பாட்டு. நீங்கள் இப்போது ‘ஆல்பம் பாட்டு’ என்றும் ‘இண்டி’ என்றும் சொல்வதற்கு அதுவும் ஒரு பாட்டன்தான்.

இப்போது வருவதில் எனக்குப் பிடித்ததும் உண்டு, பிடிக்காததும் உண்டு. சில பாட்டுகளில் தாளம் மட்டும் கேட்கிறது, சொல் ஒன்றும் விளங்குவதில்லை. சிலதில் குரலை மெஷினில் போட்டு இழைத்து, யார் பாடினாலும் ஒரே ஆள் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து வெளியிட்ட ‘தெருக்குரல்’ கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழில் இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு தெளிவாகவும் சொல்ல முடியுமா என்று இருந்தது. உச்சரிப்புக்காகவே எட்டாம் வகுப்பில் போட்டுக் காட்டியிருப்பேன். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 2018 ஜனவரியில் அவர்கள் முதன்முதலாக மேடை ஏறியபோது 19 பேர். அந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 19 பேருக்கும் வீட்டு வாடகை உண்டு, சாப்பாட்டுச் செலவு உண்டு.

"அதான் யூடியூபில் கோடிக்கணக்கில் பார்க்கிறார்களே, காசு கொட்டுமே" என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் என்ஜாமி’ வந்தது. தீயும் அறிவும் பாடியது, இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. ஆடுகிற பாட்டுக்குள்ளே ஒப்பாரி கேட்கும். நம் வீட்டுக் குழந்தைகள் எத்தனை பேர் ஆண்டு விழாவில் அதற்கு ஆடினார்கள்! யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கணக்கில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் சொல்ல வருவது, பார்த்த எண்ணிக்கை வேறு, கைக்கு வரும் கூலி வேறு என்பதுதான்.

அவ்வளவு பெரிய பாட்டுக்கே அந்த நிலை என்றால், சின்னப் பாட்டுக்கு? ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலிகளில் காசு எப்படிப் பிரிகிறது என்று என் தம்பி மகளை உட்காரவைத்துக் கேட்டேன். எல்லார் சந்தாவும் விளம்பரக் காசும் ஒரே உண்டியலில் விழுகிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மீதியை, மொத்தம் கேட்கப்பட்ட தடவைகளில் உன் பாட்டு எத்தனை தடவை என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் உங்களுக்கு நடத்திய விகிதக் கணக்குதான். இதில் வருவதும் நேராகப் பாடகன் கைக்குப் போகாது. உரிமை வைத்திருப்பவர், பாட்டைச் செயலியில் ஏற்றிக் கொடுப்பவர் என்று வழியில் ஆள் உண்டு. போதாததற்கு 2024 முதல், ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பங்கே உண்டு.

அன்றைக்கே நம் பையனின் பாட்டைத் தேடிப் பிடித்தேன். என் விழாவில் பாதியில் விட்டுப் போனோமே, அதே பாட்டு. எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே என்று காட்டியது. முழுதாக அன்றைக்குத்தான் கேட்டேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் தூக்குவாளியோடு சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவைப் பற்றிய பாட்டு. அந்த அம்மாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் அன்றைக்கு விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பந்திக்கு எழுந்து போகாதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

ஆக, இந்தப் பிள்ளைகளுக்குக் காசு வர வேண்டுமென்றால் மேடையில்தான் வர வேண்டும். அந்த மேடையையும் நாம் ‘செலவு இல்லை’ என்று எழுதினால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? ஒன்று, சினிமாவுக்குப் போவார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆல்பத்தில் ஆரம்பித்து சினிமாவுக்குப் போனவர்கள். சாய் அபயங்கர் 2024-இல் ‘கட்சி சேர’ என்ற ஒரு பாட்டோடு வந்தார், சீக்கிரமே சினிமா அழைத்துக்கொண்டது. அது தப்பில்லை, சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்காது. மற்றவர்கள் ஒருநாள் கிடாரை உறையில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

நம்மிடம் காசே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி 5 அன்று எட் ஷீரன் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பாடினார். ஏ.ஆர். ரஹ்மானும் அந்த மேடையில் சேர்ந்துகொண்டார். என் தம்பி மகள் ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிப் போய்வந்து, ஒரு வாரம் அதையே பேசினாள். அதற்கு முந்தைய மாதம் அகமதாபாத்தில் கோல்ட்பிளே பாடியபோது ஓர் இரவுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். நம் ஊரிலிருந்து ரயில் ஏறிப் போனவர்களும் உண்டு. போகக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். எட் ஷீரன் ஒற்றை ஆளாகக் கிடாரை வைத்துக்கொண்டு, தான் வாசித்ததையே பதிவு செய்து அதன் மேல் மறுபடி வாசித்துப் பாடுவதைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். அவரும் சின்னச் சின்ன இடங்களில் பாடித்தான் அந்த மைதானத்துக்கு வந்தார்.

"சென்னையில் தமிழ்ப் பையன்கள் பாடும் கச்சேரிக்குக் கடைசியாக எப்போது காசு கொடுத்துப் போனாய்?" என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் தெரிஞ்சவங்க பாஸ் குடுப்பாங்க அத்தை" என்றாள். இதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவாள். வரட்டும்.

குழுவில் சிலர் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "அவனுக்கும் ஒரு விளம்பரம்தானே டீச்சர்" என்பீர்கள். அவன் பத்து வருடமாக விளம்பரத்துக்காகத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். "படிச்ச பள்ளிக்குக் காசு கேட்டா பாடுவான்?" என்பீர்கள். கேட்க மாட்டான். அதனால்தான் நாம் கேட்க வேண்டும். அவனாக மனமுவந்து, "பள்ளிக்கு என் பங்கு இது" என்று சொன்னால் அது நன்கொடை, வாங்கிக்கொள்ளலாம், ரசீதும் போடலாம். அவனைக் கேட்காமலே நாம் கணக்கில் எழுதிக்கொண்டால் அதற்குப் பெயர் நன்கொடை இல்லை.

ஆகவே இந்த டீச்சரின் வேண்டுகோள் நாலு.

முதலாவது, அந்த வரியை அழித்துவிட்டு அவனுக்குப் போன் போடுங்கள். "எத்தனை பேர் வருவீங்க, வண்டிக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். சமையலுக்குக் கொடுத்தது போல முன்பணம் அனுப்புங்கள். கணக்கில் இடிக்கிறது என்றால் நினைவுப் பரிசை எடுத்துவிடுங்கள். என் வீட்டில் ஏற்கெனவே ஏழு குத்துவிளக்கு இருக்கிறது.

இரண்டாவது, அவன் சொந்தப் பாட்டு குறைந்தது நாலு பாடட்டும். சினிமாப் பாட்டு அதற்குப் பிறகு.

மூன்றாவது, கிடார், கீபோர்டு, டிரம்ஸ் வாசிப்பவர்கள் பெயரையும் மேடையில் சொல்லுங்கள். ‘மற்றும் குழுவினர்’ என்று சொல்லாதீர்கள்.

நாலாவது, சாப்பாட்டை அரை மணி நேரம் தள்ளி வையுங்கள். பாட்டு முடியும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நான் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன்.

2018-இல் அவன் கொடுத்த வண்டி வாடகையை, ஏழு வருடம் தாமதமாக, போன வாரம் அவன் அம்மா கையில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். "இது தர்மம் இல்லம்மா, பாக்கி" என்று சொன்ன பிறகுதான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். குழுவில் திருத்திய கணக்கை ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்