பழுது பார்க்க ஆளில்ல, பார்ட்டு மாத்த ஆளிருக்கு

தமிழ்ல 'பழுதுபார்க்கிறது'ன்னு ஒரு சொல்லு இருக்கு. அந்தச் சொல்லுல பாதி, பார்க்கிறது. முதல்ல பழுது எங்க இருக்குன்னு பார்க்கணும், அப்புறம்தான் கை வைக்கணும். டவுன்ல ஏசி போட்டு, காபி குடுத்து உக்கார வைக்கிற பெரிய சர்வீஸ் சென்டர்கள் பலதுல இந்தப் பார்க்கிற வேலையையே விட்டுட்டாங்க. மாத்துறது மட்டும்தான் மிச்சம். அதைத்தான் இன்னைக்குத் திட்டப் போறேன். நடுநடுவுல உங்களையும் திட்டுவேன், கோவிச்சுக்காதீங்க.

பேச்சு காரைப் பத்தினது. இருட்டினா தானா எரியிற ஹெட்லைட்டு, தூறல் விழுந்தா தானா ஓடுற வைப்பரு. நெல்லு, மாடு, மழைன்னு எழுதுறவன் எதுக்குக் காருக்குள்ள தலையை விடுறான்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. விடியக்காலை அஞ்சு மணிக்கு ரோட்டோரமா நடவுக்கு நடந்து போற பொம்பளைங்க, சைக்கிள்ல பால் கேனைக் கட்டிக்கிட்டுப் போற பெரியவர், மாட்டை ஓட்டிக்கிட்டுப் போற பையன், எல்லாரும் எங்க ஊர் ஆளுங்க. உங்க கார் அவங்களைப் பார்க்குதாங்கிறது எங்களுக்கு உயிர் விஷயம்.

போன தீபாவளிக்கு என் சித்தப்பா மகன் சென்னையிலேர்ந்து கார்ல வந்தான். நல்ல வெயில். காஞ்ச கண்ணாடி மேல வைப்பர் கறக்கு கறக்குன்னு தேய்ச்சுக்கிட்டு வருது. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஹெட்லைட்டும் எரியுது. "என்னடா இது, கல்யாண ஊர்வலமா?"ன்னேன். "இல்லண்ணே, சென்சார் போச்சாம். ரெண்டு சென்சாரையும் மாத்தணும், அதுக்கும் சரியாகலேன்னா கன்ட்ரோல் யூனிட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க"ன்னான். எஸ்டிமேட் ஐந்து இலக்கத்துல.

அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படிங்க. 'மாத்தியும் சரியாகலேன்னா.' அப்படின்னா பழுது எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியாமலே ஒரு பார்ட்டை மாத்திப் பார்ப்பாங்க, விழலேன்னா அடுத்த சீட்டு எடுப்பாங்க. லாட்டரிச் சீட்டு அவங்க கையில, காசு மட்டும் உங்க பையில.

எங்க பக்கத்து டவுன்ல ஒரு மெக்கானிக் இருக்காரு. புளியமரத்தடியில ஒரு தகரக் கொட்டகை. அவர் வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "முன் கண்ணாடி மாத்தினீங்களா தம்பி?" மாத்தியிருந்தான். ரெண்டு மாசம் முன்னாடி லாரியிலேர்ந்து ஜல்லி தெறிச்சு விரிசல் விட்டுருச்சு. அவர் வெளியே நின்னு, உள்கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற இடத்துல டார்ச் அடிச்சாரு. "இங்க பாருங்க"ன்னாரு. கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவுல சின்னச் சின்னக் காத்துக் குமிழி.

இது ஏன் முக்கியம்னு புரியணும்னா அந்த மழைச் சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும். அது மழையை நேராப் பார்க்கிறதில்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள்ள சாய்வா அனுப்பும். கண்ணாடியோட வெளிப்பக்கம் காஞ்சிருந்தா அந்த ஒளி உள்ளேயே பட்டுத் திரும்பி வரும். வெளியே தண்ணித் துளி உக்காந்திருந்தா ஒளியில ஒரு பங்கு அது வழியா வெளியே போயிரும். திரும்பி வர்ற ஒளி குறைஞ்சா மழைன்னு கணக்கு. எவ்வளவு குறையுதோ அவ்வளவு வேகமா வைப்பர் ஓடும். இந்த ஒளி சென்சார்லேர்ந்து கண்ணாடிக்குத் தடையில்லாம போறதுக்காக நடுவுல ஜெல் மாதிரி ஒரு தெளிவான பட்டை ஒட்டியிருப்பாங்க. கண்ணாடி மாத்துறப்ப அதை ஒழுங்கா ஒட்டாம, பழசையே திரும்ப அமுக்கி விட்டா காத்துப் புகுந்துரும். குமிழியில ஒளி சிதறும். பாவம், சென்சார் அதை மழைன்னு நெனச்சுக்கும். சில வண்டியில நேர்மாறா, கொட்டுற மழையிலயும் வைப்பர் அசையாது.

புதுப் பட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைச்சு, குமிழி இல்லாம ஒட்டினாரு. வைப்பர் சரி. சென்சார் அதே பழைய சென்சார்தான்.

ஹெட்லைட்டுக்கு அதுகூட வேண்டியிருக்கல. அவன் வண்டியில வெளிச்சம் பார்க்கிற சென்சார் டேஷ்போர்டு மேல, முன் கண்ணாடிக்குக் கிட்ட, கறுப்பா சின்னக் குமிழ் மாதிரி இருக்கு. அதுக்கு மேல ஒரு பட்டுத் துண்டு விரிச்சு, துண்டு மேல பிள்ளையாரை உக்கார வச்சிருந்தான். சென்சாருக்கு எப்பவும் ராத்திரி. மெக்கானிக் பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு சாண் தள்ளி வச்சாரு, துண்டை எடுத்தாரு. கொஞ்ச நேரத்துல லைட் அணைஞ்சுருச்சு. சர்வீஸ் சென்டர்ல இதே வண்டியில ஸ்கேனர் மாட்டினாங்க, ஜாப் கார்டு போட்டாங்க, படம்கூட எடுத்தாங்க. துண்டைத் தூக்கிப் பார்க்க ஒருத்தருக்கும் தோணல.

இப்ப எங்க வயலுக்கு வாங்க. போர் மோட்டார் ஓடலேன்னா நாங்க என்ன செய்வோம்? கரண்ட் இருக்கான்னு பார்ப்போம். மூணு பேஸும் வருதா, ஃபியூஸ் போயிருச்சா, ஸ்டார்ட்டர் இழுக்குதா, எலி வயரைக் கடிச்சிருக்கா, இப்படிச் சல்லிசான இடத்துலேர்ந்து செலவு பிடிக்கிற இடத்துக்குப் போவோம். காயில் போச்சான்னு பார்க்கிறது கடைசியில. ஃபியூஸைப் பார்க்காம 300 அடி போர்லேர்ந்து மோட்டாரைத் தூக்குறவன் எங்க ஊர்ல கிடையாது. அப்படி ஒருத்தன் தூக்கினா அவன் பேரே அன்னையிலேர்ந்து மாறிரும்.

காருக்கும் அதே வரிசைதான். ஆட்டோவுல வேலை செய்யலையா? சுவிட்சைக் கையால போட்டுப் பாருங்க. கையால போட்டா வைப்பர் எல்லா வேகத்துலயும் ஓடுதுன்னா மோட்டார், கம்பி இணைப்பு, அதுக்கான ஃபியூஸ் எல்லாம் நல்லாருக்கு. கையால போட்டா ஹெட்லைட் எரியுதுன்னா பல்பும் ரிலேயும் நல்லாருக்கு. கோளாறு கண்ணுலயோ மூளையிலயோ இருக்கு, கை காலுல இல்ல. இந்த ஒரே சோதனையில பாதி எஸ்டிமேட் அடிபட்டுப் போகும்.

அடுத்து கண்ணாடியைத் துடைங்க, வெளியே, சென்சார் இருக்கிற இடத்துல. மழைக்கால ராத்திரியில எங்க பக்கம் வந்தா ஈசல் மோதி எண்ணெய் மாதிரி அப்பியிருக்கும். அறுவடை நேரத்துல வந்தா பதர்த் தூசு. பூஜை போட்டப்ப வச்ச சந்தனப் பொட்டு சரியா அந்த இடத்துல காஞ்சு கிடந்தாலும் அதே கதை. வைப்பர் ரப்பர் தேஞ்சிருந்தா தண்ணியை வழிக்காது, பூசி விடும். பூசின ஈரத்தைச் சென்சார் மழைங்கும், வைப்பர் மறுபடி பூசும். செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். ரப்பர் மாத்துற செலவுல தீர்ற வேலை இது.

அப்புறம் சோதனை. வைப்பரை ஆட்டோவுல விட்டு, சென்சாருக்கு நேரா வெளியே தண்ணி தெளிங்க. அந்த இடத்துல தெளிச்சாதான் கணக்கு, ஓரத்துல தெளிச்சுட்டு ஓடலேன்னு சொல்லக்கூடாது. கையை விலக்கியே வைங்க, படக்குன்னு அடிக்கும். வெளிச்சச் சென்சாரைக் கறுப்புத் துணியால மூடி கொஞ்சம் பொறுங்க. லைட் வந்தா, துணியை எடுத்ததும் அணைஞ்சா, சென்சார் உயிரோட இருக்கு. இதெல்லாம் பார்த்தும் அசையலேன்னாதான் கப்ளரைக் கழட்டிப் பச்சை பூத்திருக்கா, வயர்ல எலிக் கடி இருக்கான்னு பார்க்கணும். அதுக்கும் அப்புறம்தான் ஸ்கேனர். ஸ்கேனர் காட்டுற கோடு காய்ச்சல் மாதிரி, உடம்பு சரியில்லேன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. அதைப் பார்த்துட்டு நேரா பார்ட்டு மாத்துறவன் தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு ஆபரேஷன் பண்றவன்.

சில பேர் இதைப் படிச்சுட்டு, "இதுக்குத்தான் அந்தக் காலத்து அம்பாசடரே மேல்"னு கிளம்புவாங்க. நான் அந்தக் கட்சி இல்ல. நல்லா வேலை செஞ்சா இந்தச் சென்சார் அருமையான சாமான். திடீர்னு லாரி வாரியடிக்கிற சேத்துத் தண்ணியை உங்க கைக்கு முன்னாடி அது துடைச்சிரும். குத்தம் சென்சார் மேல இல்ல. அதைப் பார்க்கத் தெரிஞ்சவன் கையில விவரத்தைக் குடுக்காம, பார்க்காதவன் கையில பில் புக்கைக் குடுத்தது மேல.

இது நான் மட்டும் புலம்புறது இல்ல. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமா 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. ஸ்பேர் பார்ட்டையும், பழுது கண்டுபிடிக்கிற கருவியையும், விவரப் புத்தகத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடலேங்கிறதுதான் குத்தச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'ன்னு ஒரு தளம் திறந்துச்சு. காரும் அதுல உண்டு, எங்க விவசாயக் கருவிகளும் உண்டு. அமெரிக்காவுல டிராக்டரைத் தானே ரிப்பேர் பண்ண முடியாம விவசாயிகள் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, கொலராடோ மாநிலத்துல 2024 ஜனவரி 1 முதல் அதுக்குன்னு சட்டமே நடைமுறைக்கு வந்துருச்சு. நம்ம ஊர்ல தளம் இருக்கு, கட்டாயப்படுத்துற சட்டம் இல்ல. தளத்துல விவரம் போடுறது கம்பெனி மனசு வச்சா நடக்கிற காரியம். புளியமரத்தடி ஆளுக்குக் கம்பெனி ஸ்கேனரும் விவரமும் நியாயமான விலைக்குக் கிடைச்சா, புதுச் சென்சார் மாட்டி அதை வண்டியோட கம்ப்யூட்டர்ல பதியிற வேலையையும் அவரே முடிச்சிருவாரு. அது கிடைக்காத வரைக்கும் நீங்க லாட்டரிக் கடைக்குத்தான் போயாகணும்.

இப்ப உங்க முறை. எஸ்டிமேட்டைக் காட்டினதும் "சரி சார், பண்ணிருங்க"ன்னு கையெழுத்துப் போடுறீங்களே, ஏன்? காய்கறிக் கடையில கத்தரிக்காயை ஒவ்வொண்ணா திருப்பிப் பார்க்கிற ஆளுங்கதானே நீங்க? மூணு கேள்வி கேளுங்க. என்னென்ன சோதிச்சீங்க? என்ன கோடு வந்துச்சு, எழுதிக் குடுங்க. மாத்தின பழைய பார்ட்டை என் கையில குடுப்பீங்களா? பார்க்காதவனால இந்த மூணுக்கும் பதில் சொல்ல முடியாது.

இன்னொண்ணு. ஆட்டோன்னு போட்டுட்டா உங்க வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறீங்க பாருங்க, அதுதான் எங்களுக்குப் பயம். வெளிச்சச் சென்சாருக்கு வெளிச்சம்தான் தெரியும், பனி தெரியாது. மார்கழிக் காலையில ஊரே வெள்ளையா மூடியிருக்கும், முன்னால போற மாட்டு வண்டி தெரியாது. ஆனா வெள்ளை வெளிச்சம் நிறைய இருக்கே, அதனால பல வண்டியில ஹெட்லைட் எரியாது. பகல் விளக்கு மட்டும் முன்னாடி எரியும், அதைப் பார்த்து லைட் இருக்குன்னு நெனச்சுக்குவீங்க. பல வண்டியில அப்ப பின் விளக்கு எரியாது. பின்னாடி வர்றவனுக்கு நீங்க இல்லவே இல்ல. சூரியன் மறைஞ்சு அரை மணிக்கப்புறம் மட்டுமில்ல, 155 மீட்டர் முன்னாடி இருக்கிற ஆளும் வண்டியும் தெளிவாத் தெரியலேன்னா எந்த நேரமானாலும் விளக்குப் போடணும்னு மோட்டார் வாகன விதியில இருக்கு. அந்த 155 மீட்டரைப் பார்க்க வேண்டியது ஓட்டுறவன் கண்ணு.

டிரெய்லருக்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டாம ராத்திரி கரும்பு ஏத்திக்கிட்டுப் போற எங்க ஆளுங்களையும் இங்க ஊர்க் கூட்டத்துல சத்தம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அது எங்க பக்கத்து வேலை, நாங்க செய்வோம். உங்க பக்கத்து வேலை சின்னது. டேஷ்போர்டுல சென்சாரை மறைக்கிற துண்டை எடுங்க, சாமியை ஒரு சாண் தள்ளி வைங்க. கண்ணாடி மாத்தினா, ஜெல் பட்டை புதுசா போட்டாங்களான்னு வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. எங்க ஊர் ரோட்டுல பனி இறங்கியிருந்தா ஆட்டோவை நம்பாம சுவிட்சைக் கையால திருப்புங்க. நடவுக்குப் போறவங்க இடது ஓரமாத்தான் நடந்து வருவாங்க.