மலை ரயிலுக்கான ஹைட்ரஜன் அடிவாரத்தில் பிறக்கட்டும்

நீலகிரி மலை ரயில் உள்ளிட்ட பாரம்பரியப் பாதைகளிலும் மலைப்பாதைகளிலும் ஹைட்ரஜனால் இயங்கும் 35 ரயில்களை, ரயில் ஒன்றுக்கு ரூ.80 கோடியும் ஒவ்வொரு பாதையின் தரைக் கட்டமைப்புக்கு ரூ.70 கோடியும் செலவிட்டு ஓட்டும் திட்டத்தை ரயில்வே அமைச்சகம் 2023-ல் அறிவித்தது. 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையில் ஹைட்ரஜன் பெட்டி ஒன்று சோதித்தும் பார்க்கப்பட்டது. பெட்டிகளைப் பற்றியும் கோடிகளைப் பற்றியும் நடக்கும் விவாதத்தில், அந்த ஹைட்ரஜன் நீலகிரி மலை ரயிலின் அடிவாரமான மேட்டுப்பாளையத்துக்கு எந்த வடிவில் வந்து சேரும் என்ற கேள்வி மட்டும் விடுபட்டு நிற்கிறது. திட்டத்தின் செலவையும் பாதுகாப்பையும் பெருமளவு தீர்மானிக்கப்போவது அந்தக் கேள்விக்கான விடையே.

ஹைட்ரஜன் மிக இலேசான வாயு என்பதால், கனத்த உருளைகளில் அழுத்தி அடைத்தாலும் ஒரு லாரியில் சில நூறு கிலோவே ஏறும். திரவமாக்குவதென்றால் மைனஸ் 253 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்க வேண்டும். ஹைட்ரஜனைச் சேர்மமாகச் சுமக்கும் அம்மோனியாவோ மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடுவதுடன், தன் எடையில் 17.6 சதவீதத்தை ஹைட்ரஜனாகவே கொண்டிருக்கிறது. எனவே 15 டன் அம்மோனியா ஏற்றிவரும் ஒரு டேங்கர் லாரி 2.6 டன் ஹைட்ரஜனைச் சுமந்து வருகிறது. 1970-களிலிருந்து ஸ்பிக் உர ஆலை அம்மோனியா தயாரித்துவரும் தூத்துக்குடியின் துறைமுகம், இன்று மத்திய அரசின் பசுமை ஹைட்ரஜன் மையங்களுள் ஒன்றாகவும் தெரிவு செய்யப்பட்டிருப்பதால், நீலகிரிக்கு இந்த வழி எட்டாத ஒன்றல்ல.

ஆனால், அம்மோனியாவாக வந்ததை மீண்டும் ஹைட்ரஜனாகப் பிரித்தாக வேண்டும். இதற்கு வெப்பத்தோடு, தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியும் தேவை. உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் அம்மோனியா மூலக்கூறு தன் மூன்று ஹைட்ரஜன் அணுக்களையும் ஒவ்வொன்றாக இழந்தபின், எஞ்சும் நைட்ரஜன் அணு இன்னொரு நைட்ரஜன் அணுவோடு இணைந்து வாயுவாக வெளியேற வேண்டும். பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இலை போட முடியும் என்பதுபோல, நைட்ரஜன் இடத்தைக் காலி செய்யாதவரை அடுத்த மூலக்கூறுக்கு அங்கே வேலையில்லை. மாலிப்டினம் நைட்ரஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது. கோபால்ட் போதிய அளவு பற்றுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பிடிப்பு கொண்ட ருத்தேனியம் தனி உலோகங்களில் முதலிடம் பெற்றாலும், பெரும்பாலும் பிளாட்டினத்தைத் தோண்டும்போது உடன்விளைவாகக் கிடைக்கும் அரிய உலோகமான அதைப் பேரளவில் நம்பியிருக்க முடியாது.

ஈருலோக வினையூக்கிகளின் தேவை இங்கேதான் எழுகிறது. இறுகப் பற்றும் மாலிப்டினத்தையும் தளரப் பற்றும் கோபால்ட்டையும் சேர்த்தால் ருத்தேனியத்துக்கு நெருங்கிய பிடிப்பு கிடைக்கும் என்ற கணிப்பை, அம்மோனியா தயாரிப்பு வினையில் 2001-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தார்கள். அதே நாட்டில் 2005-ல் வெளியான ஆய்வு, அம்மோனியாவை உருவாக்கச் சிறந்த வினையூக்கியே அதை உடைக்கவும் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை என்றும், சூழலில் அம்மோனியாவின் செறிவு மாறமாற உகந்த உலோகமும் மாறும் என்றும் விளக்கியது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் 2010-ல், பிளாட்டினத்தின் மேல் ஓர் அணு உயரத்துக்குப் பரப்பிய நிக்கல் அம்மோனியாவை நன்கு உடைப்பதையும், அதே நிக்கல் ஓர் அடுக்கு கீழே இறங்கினால் அந்தத் திறன் இல்லாமற்போவதையும் காட்டினார்கள். ஆகவே எந்த உலோகங்கள், எவ்வளவு என்பதோடு, அவை எப்படி அடுக்கப்பட்டுள்ளன, நெடுநேர வெப்பத்தில் அந்த அடுக்கு கலையாமல் நிற்குமா என்பதும் சேர்ந்தே வினையூக்கியின் தரத்தை முடிவு செய்கின்றன.

வினையூக்கியை மேம்படுத்த இன்னொரு வழியும் உண்டு: உலோகத்தோடு சிறிதளவே சேர்க்கப்பட்டு அதன் திறனைக் கூட்டும் பொருளுக்கு உயர்த்தி என்று பெயர். ஜெர்மனியில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, சாதாரண இரும்பில் சிறிதளவு அலுமினா, பொட்டாசியம் சேர்மங்களைக் கலந்து உருவாக்கிய வினையூக்கியைக் கொண்டே 1913-ல் ஓப்பாவில் உலகின் முதல் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. அம்மோனியாவை உடைக்கும் வினையிலும் சீசியம், பொட்டாசியம், பேரியம் போன்றவை உலோகத்துக்கு எலக்ட்ரான் வழங்கி நைட்ரஜனின் வெளியேற்றத்தை எளிதாக்குகின்றன. விலை மலிந்த நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும் இத்தகைய துணை கிடைத்தால், வினைக்கான வெப்பநிலையை இறக்கி எரிபொருளை மிச்சப்படுத்த வழி பிறக்கும்.

எவ்வளவு சிறந்த வினையூக்கியாலும் தவிர்க்க முடியாத செலவும் உண்டு. அம்மோனியாவை உடைக்க மட்டுமே, கிடைக்கும் ஹைட்ரஜனின் ஆற்றலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வெப்பமாகச் செலவாகிறது. ரயிலை இயக்கும் எரிபொருள் மின்கலத்துக்குச் செல்லும் ஹைட்ரஜனில் அம்மோனியா கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று பன்னாட்டுத் தரவிதி வரையறுப்பதால், அம்மோனியாவை உடைக்கும் உலைக்கு அடுத்தபடியாகத் தூய்மையாக்கும் அமைப்பும் கட்டாயமாகிறது. இந்த உலையையும் வடிகட்டியையும் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் பல்சக்கரப் பாதையில் ரயிலின் மேலேயே சுமந்து செல்வதில் பொருளில்லை.

பாதுகாப்பும் இதையே வலியுறுத்துகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, மீனவக் குடும்பங்களை மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடவைத்தது. சமவெளியிலேயே இந்த நிலை என்றால், குன்னூர் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அம்மோனியா டேங்கர் செல்வதை எண்ணிப் பார்க்கவும் கூடாது. அம்மோனியா மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் ஏறாமல், குடியிருப்புகளிலிருந்து விலகிய அடிவார நிலையத்திலேயே உடைக்கப்பட்டு, தூய ஹைட்ரஜன் மட்டுமே ரயிலில் நிரப்பப்படுவதே தகும். எடைக்கும் இடத்துக்கும் நெருக்கடியில்லாத நிலையான உலையில், ருத்தேனியத்தைவிடச் சற்றே கூடுதல் வெப்பம் கேட்கும் மலிவான ஈருலோக வினையூக்கிகளும் போதுமானவையாகும்.

1932 முதல் பைக்காராவில் நீர்மின்சாரம் எடுக்கும் நீலகிரி மாவட்டத்துக்கு அம்மோனியா என்ற சுற்றுவழி ஏன், நீரை மின்னாற்பகுத்தே ஹைட்ரஜன் எடுக்கலாமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. உச்சநேரத் தேவைக்கென்று காக்கப்படும் அந்த மின்சாரத்தில் மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே அதை ஏற்கவோ தள்ளவோ முடியும். எனவே பெட்டிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், இவ்விரு வழிகளின் கிலோ விலையையும் ரயில்வே ஒப்பிட்டு வெளியிட வேண்டும்; சென்னை ஐ.ஐ.டி.யின் வினையூக்க ஆய்வு மையம், காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற நிறுவனங்களிடம், உயர்த்தி சேர்த்த ஈருலோக வினையூக்கிகளை ஆயிரக்கணக்கான மணிநேரம் இடைவிடாது சோதிக்கும் பணியை நிதியோடு ஒப்படைக்க வேண்டும். ஒரு பாதைக்கு ஒதுக்கும் ரூ.70 கோடியில் இந்தச் சோதனைக்குச் சிறு பங்கும் இல்லையெனில், பெட்டி உள்நாட்டில் தயாரானாலும் அதன் எரிபொருளுக்கான வினையூக்கியை அயல்நாட்டிலிருந்தே வாங்க வேண்டிவரும்.