மண்ணெண்ணெய் குடித்த கார்களுக்கு என்ன விலை?

நோர்வேயில் பழைய கார் விற்கிறவர்களின் விளம்பரங்களை வாசித்தால் மூன்று விசயம் திரும்பத் திரும்ப வரும். ஒரே ஆளின் கையில் இருந்தது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ற் அப்படியே இருக்கிறது. எஞ்சின் காரோடு வந்த அதே எஞ்சின். மூன்றும் இருந்தால் விலை ஏறும், ஒன்று குறைந்தால் இறங்கும். ஒஸ்லோ எக்கபேர்க் வெளியில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கூடுகிற பழைய வாகனச் சந்தையிலும் இதே கதைதான். துருப்பிடித்த ஒரு கதவுப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஒறிஜினலோ?" என்று அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலகப்போர் முடிந்த பிறகு நோர்வேயில் நினைத்தவுடன் கார் வாங்க முடியாது. அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வைத்தியர் போன்ற தேவையுள்ள ஆட்களுக்குத்தான் அது லேசில் கிடைக்கும். மொஸ்க்விச் போன்ற கிழக்கு ஐரோப்பியக் கார்களை மட்டும் கொஞ்சம் சுலபமாக எடுக்கலாம். இந்தக் கட்டுப்பாடு நீங்கியது 1960 ஒக்ரோபர் 1இல்தான். காத்திருந்து வாங்கிய தகப்பனின் காரைப் பிள்ளை துடைத்துத் துடைத்து வைத்திருப்பதில் என்ன ஆச்சரியம்? அரசாங்கமும் உதவுகிறது. 30 வருடம் தாண்டிய, பழைய நிலையிலேயே பேணப்படுகிற வாகனத்தைப் 'பாதுகாக்கத் தகுந்தது' என்று கணக்கெடுத்து வரிச் சலுகை கொடுக்கிறது. புதுக் கார் வாங்குகிறவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் மின்சாரக் கார் வாங்குகிற நாட்டில் இது நல்ல விசயம்தான். குறை சொல்ல வரவில்லை.

என்னுடைய கேள்வி வேறு. யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனரை இந்த அடிமட்டத்தால் அளந்தால் என்ன வரும்?

ஒன்றும் வராது. பெயின்ற் நாலு தரம் மாறியிருக்கும். எஞ்சினுக்குள் பாதி வேறு காரினுடையது. மட்கார்ட் ஏதோ ஒரு கராஜில் தகரம் அடித்துச் செய்தது. கை மாறினதுக்குக் கணக்கே இல்லை. சந்தை மொழியில் சொன்னால் 'கெட்டுப்போன கார்'. நான் சொல்கிறேன், அந்தக் கார் கெடவில்லை. அளக்கிற அடிமட்டம்தான் பிழை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் தடை. அப்போதும் எங்கள் வீதிகளில் ஓடினவை மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் கேம்பிரிட்ஜும்தான். எப்படி ஓடின? போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்தது தரம் குறைந்த பெற்றோல். அதுக்கு ஏற்றமாதிரி, காற்றையும் எரிபொருளையும் அதிகம் இறுக்காத எஞ்சின்களைச் செய்தார்கள். எங்கள் மெக்கானிக்மார் அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் கொஞ்சமே கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெள்ளைப் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். திரும்பக் கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டும். ஆனாலும் ஓடியது. பிரசவத்துக்கு ஆளை ஏற்றியது, கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கம் சனத்துக்குள் நத்தை மாதிரி ஊர்ந்துபோன ஒரு மொறிஸ் மைனரின் கூரையில் பாயும் பானையும் கட்டியிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம்.

அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் கதையும் எங்களுடையது போலத்தான். 1906இல் சிமிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தவர். 1922இல் போரால் குடும்பத்தோடு வெளியேறி மால்ரா வழியாக இங்கிலாந்து போனவர். அகதியாய் வந்தவர் வரைந்த கார், 1948 முதல் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதில் சில எங்களூரில் அகதிகளை ஏற்றின.

இலக்கத்தகட்டிலும் கதை இருக்கிறது. பழைய கார்களில் ஆங்கில எழுத்து. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது, ஆட்கள் தார் பூசினார்கள், 1958இல் கலவரமும் வந்தது. வாங்குகிற ஆள் தகட்டைப் பார்த்துக் காரின் வயதைக் கணிப்பார். எங்களுக்கு அதில் தெரிவது வேறு.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும், 2009க்குப் பிறகும் தெற்கிலிருந்து ஆட்கள் வந்து இந்தக் கார்களை வாங்கிக்கொண்டு போனார்கள். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு இலங்கையில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. 2025 மாசியில்தான் திரும்ப விட்டார்கள். வாங்கிய கையோடு என்ன செய்கிறார்கள்? ஒட்டுவேலை எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, புதுப் பெயின்ற் அடித்து, 1950களில் கப்பலில் வந்து இறங்கின மாதிரி ஆக்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஓடின வருசங்கள் முழுக்கக் குப்பைக்குள். நான் சமையலறையில் நிற்கிறவன். வருசக்கணக்காகப் பழகிக் கறுத்த இரும்புத் தாச்சியைக் கம்பியால் தேய்த்து வெளுக்க வைக்கிறவனைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அதே கோபம்தான் இங்கேயும்.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தி விற்ற சார்ல்ஸ் வெயர் என்பவர், இலங்கையில் ஒரு பங்காளியோடு சேர்ந்து உதிரிப்பாகங்கள் செய்வித்தார். இலங்கைத் தொழிலாளி அடித்த தகடு இங்கிலாந்துக் காரில் ஏறினால் அது 'புனருத்தாரணம்'. யாழ்ப்பாணத்து மெக்கானிக் அடித்த தகடு யாழ்ப்பாணத்துக் காரில் இருந்தால் அது 'ஒட்டுவேலை'. இது என்ன நியாயம்?

சேர்ப்பவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒறிஜினல் என்பதைக் கேட்காவிட்டால் கண்டதையும் கதை சொல்லி விற்பார்கள். பிரேக்கும் ஸ்ரியறிங்கும் மாற்றத்தான் வேண்டும், பழமை என்று சொல்லி ஆளைக் கொல்ல ஏலாது. அதேநேரம், உலகப் பழைய வாகன அமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனத்தில், வாகனம் பாவனையில் இருந்த காலத்து மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி என்ற கருத்து இருக்கிறது. எங்கள் மண்ணெண்ணெய்க் காலமும் பாவனைக் காலம்தான்.

விற்காதீர்கள் என்று ஒஸ்லோவில் இருந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஊரில் காசுத் தேவை உள்ளவருக்கு அது அவருடைய சொத்து. ஆனால் சும்மா கொடுக்காதீர்கள். ஒரு கொப்பி காணும். யார் வாங்கினது, எந்த ஸ்ராண்டில் ஓடினது, எந்த மெக்கானிக் எதைச் செய்து பூட்டினார், 90இல் எப்படி ஓடினது, 95இல் எங்கே நின்றது, எல்லாத்தையும் தேதியோடு எழுதி, பழைய படம் இருந்தால் ஒட்டி, காரோடு சேர்த்து விலை பேசுங்கள். அந்த மெக்கானிக்மாரில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களிடம் கேட்கிற வேலையை ஊருக்குப் போகிற ஆட்கள் இந்தக் கோடை விடுமுறையிலேயே செய்யலாம். கழற்றின பழைய பாகங்களை எறியவேண்டாம், ஒரு பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள். கொழும்பிலோ லண்டனிலோ வாங்குகிறவர் அதை வேண்டாம் என்று சொன்னால், அவருக்குத் தேவை கார் இல்லை, பெயின்ற்தான். வேறு ஆளைப் பாருங்கள்.