காரத்தைக் குறைக்காதீங்க

வெளிநாட்டு நண்பர் வீட்டுக்குச் சாப்பிட வந்தா, டவுன்ல இருக்கிறவங்க குழம்புல காரத்தைக் குறைச்சிடுறாங்க. இல்லைன்னா பீட்சா. வாலிநோக்கத்துல மிளகாய் போடுற எனக்கு இது பிடிக்கலை. எங்க ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. இத்தனைக்கும் மிளகாயே அமெரிக்கக் கண்டத்துல பிறந்து, போர்ச்சுகீசியர் கப்பல்ல நம்ம நாட்டுக்கு வந்ததுதான்!

பக்கத்துக் கீழக்கரைத் தொதலைப் பாருங்க. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. கிண்டிக் கிண்டியே தோள்பட்டை விட்டுப்போகும். இலங்கையிலும் அது தொதல்தான், மலேசியா, இந்தோனேசியாவுல டோடோல். ஒரு மலேசியக்காரருக்குக் கொடுத்துப் பாருங்க, ‘எங்க ஊர்ப் பண்டமாச்சே’ம்பார்.

மீன்குழம்பை வீட்டுக்கு வைக்கிற மாதிரியே வைங்க. விருந்தாளிக்குக் கண்ணுல தண்ணி வந்தா, இன்னொரு கரண்டி சோறு போடுங்க.